கைவினைப் பேனாவுக்கு ரீஃபில் கிடைக்கலையா? சைஸைப் பாருங்க!

திருப்பூர் பனியனுக்கு 85, 90 என சைஸ் இருப்பது மாதிரி ரீஃபிலுக்கும் சைஸ் உண்டு. இது தெரியாமல்தான் பரிசாக வந்த மரப் பேனாக்கள் பல, மை தீர்ந்ததும் டிராயரில் முடங்குகின்றன.

பேனா கையால் கடைந்தது என்றாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் கம்பெனி ரீஃபில்தான். சுமார் 98 மி.மீ. நீளத்தில் தடிமனாக இருந்தால் பார்க்கர் வகை. இதன் ஐஎஸ்ஓ பெயர் 'ஜி2'. 'பைலட் ஜி2' ஜெல் ரீஃபில் வேறு, குழப்பிக்காதீங்க! அது நீளம் அதிகம், உள்ளே போகாது. மெலிதாக, தலையில் மரை இருந்தால் கிராஸ் வகை. பழைய ரீஃபிலைக் கடைக்குக் கையோடு எடுத்துட்டுப் போவது நல்லது.

திருவள்ளூரில் தயாராகும் ரங்கா எபோனைட் பேனாக்களில், ஐ-டிராப்பர் மாடலுக்கு இந்தத் தலைவலியே இல்லை. பாட்டில் மையை நேராக ஊற்றிக்கலாம்.