நெஞ்சை அமுக்கின கதை

நம்ம சினிமாவுல ஹீரோயின் தண்ணியில விழுந்தா, ஹீரோ வயித்தை அமுக்குவார். வாயிலேர்ந்து ஃபவுண்டன் மாதிரி தண்ணி வரும், கண்ணைத் திறந்துடுவாங்க. யாரும் தயவுசெய்து இதை நம்பி அமுக்கிடாதீங்க :-)

அந்தக் காலத்து வைத்தியம் இதைவிட மோசம். கால்வாயில் விழறவங்களைக் காப்பாத்த 1767-ல ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. அவங்க சொன்ன வழிகளில் ஒண்ணு, புகையிலைப் புகையைக் குழாய் வச்சு ஆசனவாய் வழியா ஊதறது. சத்தியமாங்க!

1950கள் வரை, இதயம் நின்னுபோனா டாக்டர்கள் நெஞ்சைக் கிழிச்சு, இதயத்தைக் கையால பிசைவாங்க. ஆஸ்பத்திரியில சரி, தெருவில விழுந்தவனுக்கு?

இங்கேதான் ஒரு எலக்ட்ரிகல் எஞ்சினியர் வர்றார். கூவன்ஹோவன், எழுபதைத் தாண்டின பெரியவர். 1958-ல அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, நின்னுபோன இதயத்தை ஷாக் கொடுத்து ஓட வைக்கற ஆராய்ச்சி நடக்குது. அவர்கூட இருந்த இளைஞர் நிக்கர்பாக்கர் ஒண்ணைக் கவனிச்சார். கனமான அந்தத் தகடுகளை நாயோட நெஞ்சில் வச்சு அழுத்தினதுமே, ஷாக் கொடுக்கறதுக்கு முன்னாடியே, ரத்த அழுத்தம் லேசா ஏறுது! அப்போ அமுக்கினாலே ரத்தம் ஓடும்தானே? சர்ஜன் ஜூட் சேர்ந்துக்க, 1960-ல மூணு பேரும் கட்டுரை வெளியிட்டாங்க. 20 நோயாளிகளில் 14 பேர் பிழைச்சிருந்தாங்க.

வேடிக்கை என்னன்னா, ஜெர்மனியில மாஸ்னு ஒரு சர்ஜன் 1892-லயே இதை எழுதி வச்சுட்டார். மெதுவா அமுக்கிப் பார்த்து பலனில்லாம, பதட்டத்துல வேகமா அமுக்கினப்பதான் நோயாளிக்கு உயிர் வந்துச்சாம். நிமிஷத்துக்கு 120 தடவை! யாரும் கண்டுக்கலை. 1960 கட்டுரையில வெறும் 60தான். இன்னிக்கு சொல்றது 100லேர்ந்து 120. மனுஷன் பதட்டத்துல கண்டுபிடிச்சதுதான் சரி.

இப்போ விஷயத்துக்கு வருவோம். தட்டிக் கூப்பிட்டாலும் அசைவில்லை, மூச்சில்லை, இல்லைன்னா விட்டு விட்டு இழுக்குதுன்னா (அந்த இழுப்பை மூச்சுன்னு நினைச்சு நிறையப் பேர் ஏமாந்துடறாங்க), 108-க்குச் சொல்லிட்டு ஆரம்பிங்க. நெஞ்செலும்போட கீழ்ப்பாதியில உள்ளங்கையின் அடிப்பகுதி, மேலே இன்னொரு கை, முழங்கை மடங்கக்கூடாது. பெரியவங்களுக்கு 5 செ.மீ. இறங்கணும், 6-ஐத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு முழுசா மேலே எழும்பணும், அப்போதான் இதயத்துல ரத்தம் திரும்ப நிறையும். பழகினவங்க 30 அமுக்கலுக்கு 2 தடவை வாயோடு வாய் ஊதலாம். தெரியாதவங்க அமுக்கினா போதும். தண்ணியில மூழ்கினவங்களுக்கு மட்டும் ஊதறது ரொம்ப முக்கியம், அவங்களுக்கு முதல்ல தீர்ந்துபோறது காத்துதான்.

விலா எலும்பு முறியலாம். முறிஞ்சாலும் நிறுத்தாதீங்க.