பிரேசிலில் மிசோப்ரோஸ்டால்

இரைப்பைப் புண்ணுக்கான மருந்தாக 1986இல் 'சைட்டோடெக்' என்ற பெயரில் பிரேசில் மருந்துக்கடைகளுக்கு வந்த மாத்திரை. கர்ப்பிணிகள் உட்கொள்ளக் கூடாது என்ற எச்சரிக்கையைப் படித்த பெண்கள், அது கருவைக் கலைக்கும் என்று கண்டுகொண்டார்கள். மருத்துவ ஆய்வுகள் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தன.

கருக்கலைப்பைக் குற்றமாக்கிய 1940ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் வல்லுறவு, தாயின் உயிராபத்து இரண்டுக்கு மட்டுமே விலக்களித்தது. மூளை வளராத கருவை உச்ச நீதிமன்றம் 2012இல் சேர்த்தது. மாத்திரை பரவியபின், கூரிய பொருள்களை நுழைத்துச் சீழ்பிடித்து மருத்துவமனைக்கு வந்தவர்கள் குறைந்தார்கள். பெரிய ஆறுதல் அது.

ஆனால் 1998 முதல் மாத்திரை மருத்துவமனைகளுக்குள் அடைபட்டது. வெளியே கள்ளச்சந்தை, போலிச் சரக்கு, தவறான அளவு. இரத்தப்போக்கு மிகுந்தாலும் வழக்குக்கு அஞ்சி மருத்துவமனைக்குப் போகத் தயங்குவதே உயிருக்கு உலை வைக்கிறது. இத்தனைக்கும், மிஃபெப்ரிஸ்டோன் என்ற மருந்துடன் சேர்த்து உலகச் சுகாதார நிறுவனம் 2005இல் இந்த மாத்திரையை இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏற்றியது.