ஓடுபவர் மேல் எறியாதே!

பேஸ்பாலின் அடிப்படை விதிகள் பலவற்றை எழுதியது யார் தெரியுமா? வேலை முடிந்து பொழுதுபோக்காக ஆடிய நியூயார்க் குமாஸ்தாக்களும் வியாபாரிகளும்தான்!

அதற்கு முன் பல இடங்களில், ஓடுபவர் மேல் பந்தை எறிந்தே அவுட் ஆக்குவார்கள். 1845-ல் நிக்கர்பாக்கர் கிளப் இதற்குத் தடை போட்டது. நல்ல விஷயம்தானே?

ஆனால் ஆள்மேல் எறிவதில்லை என்றானதும், பந்தைக் கெட்டியாகச் செய்ய முடிந்தது. அதை வெறும் கையால் பிடித்தவர்களின் விரல்கள்தான் பாடுபட்டன. கையுறை 1870-களில்தான் மெல்ல வந்தது. 1877-ல் ஹார்வர்டு அணியின் கேட்சருக்காக பிரெட் தேயர் முகக்கவசம் செய்தார்.

அடிப்பவரின் தலைக்கு? 1920-ல் ரே சாப்மன் தலையில் பந்து பட்டு இறந்தார். அதன் பிறகும் தலைக்கவசம் விதியாக முப்பது வருடங்களுக்கு மேல் ஆனது.

ஒரு ஆபத்தைத் தடுத்தால் போதாது. அதனால் ஆட்டம் எப்படி மாறுகிறது என்றும் பார்க்க வேண்டும்.