ஓயாத நாதமும் ஏழு பெடல்களும்: ஜாஸில் ஹார்ப் முதன்மை வாத்தியமான விதம்

1934இல் ஜாக் டீகார்டன் பதிவு செய்த ‘ஜங்க் மேன்’ பாட்டில் காஸ்பர் ரியர்டன் ஹார்ப் வாசித்தார். நியூயார்க் 52ஆம் தெருவிலிருந்த ஹிக்கரி ஹவுஸில் ஜோ மர்சாலாவின் குழுவோடு அடெல் ஜிரார்ட் வாசித்தார். கேட்டவர்கள் ரசித்தார்கள், ஆனால் அந்த வாசிப்பிலிருந்து ஒரு மரபு கிளைக்கவில்லை. இன்றோ பிராண்டி யங்கர், எட்மார் காஸ்டனேடா, அலினா பெஜெஜின்ஸ்கா போன்றோர் தங்கள் பெயரிலேயே குழு நடத்துகிறார்கள். வாசிப்பவர்களின் தேர்ச்சி கூடியது, கருவியின் குறைகளை அவர்கள் வென்றார்கள் என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ரியர்டனும் ஜிரார்டும் தேர்ச்சியில் யாருக்கும் இளைத்தவர்களில்லை. குறைகள் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் குறையாகக் காட்டிய இசைச் சூழல்தான் இடையில் மாறியது.

குறை எது என்பதைத் துல்லியமாகப் பார்க்க வேண்டும். செபாஸ்டியன் எரார் 1810இல் காப்புரிமை பெற்ற அமைப்பிலேயே கச்சேரி ஹார்ப் இன்றும் இயங்குகிறது: 47 தந்திகள், 7 பெடல்கள், ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று நிலைகள். ஒரு பெடலை அசைத்தால் அந்தச் சுரம் ஏறத்தாழ எல்லா ஸ்தாயிகளிலும் சேர்ந்தே மாறும். ஜான் கோல்ட்ரேன் 1959இல் பதிவு செய்த ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ பி மேஜரில் தொடங்கி, இரண்டே அளவைகளுக்குள் ஜி மேஜர் வழியாக இ ஃபிளாட் மேஜருக்குப் போய்விடுகிறது. முதல் தாவலுக்கு ஸி, டி, ஜி, ஏ என நான்கு பெடல்கள் அசைய வேண்டும். அடுத்ததற்கு பி, இ, எஃப், ஏ என மறுபடியும் நான்கு. பின்னவற்றில் மூன்று வலது காலின் பொறுப்பு. முழு சுரவரிசையும் வேண்டாம், கார்டு எனும் சுரத்தொகுதிக்குரிய சுரங்கள் போதும் என்று சிக்கனம் பிடித்தாலும் அந்த வேகத்தில் கால்கள் தடுமாறும். போதாததற்கு, மீட்டிய தந்தியைக் கையால் அடக்காவிட்டால் அது ஒலித்துக்கொண்டே இருக்கும். சாக்ஸபோனில் அடுத்த சுரம் பிறந்ததும் முந்தையது தானே மறையும். ஹார்ப்பில் முந்தைய கார்டின் மிச்சம் புதிய கார்டின் மேல் படிந்து கிடக்கும். கார்டுகள் விரைந்து மாறும் நாற்பதுகளின் பீபாப் இசைக்கு இதைவிடப் பொருந்தாத கருவியைத் தேடிப் பிடிப்பது கடினம்.

அதே 1959இல் வெளிவந்த மைல்ஸ் டேவிஸின் ‘ஸோ வாட்’ இன்னொரு வழியைத் திறந்தது. அதன் 32 அளவைகளில் இரண்டே இரண்டு மோடுகள், அதாவது சுரக்கூட்டங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக ஐந்து பெடல்கள் அசைய வேண்டும் என்றாலும், அந்த வேலை ஒரு சுற்றின் நடுவே இரண்டு முறைதான் வருகிறது. இசை ஒரே சுரக்கூட்டத்தில் நெடுநேரம் தங்கும்போது தந்திகளின் எளிதில் அடங்காத நாதம் இடைஞ்சலாக இருப்பதில்லை; அதுவே இசையின் உடலாகிறது. இதை முழுமையாக உணர்ந்தவர் ஹார்ப் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1970இன் ‘ப்ளூ நைல்’ இரண்டு ஆல்ட்டோ புல்லாங்குழல்களை ஹார்ப்பின் மேல் மிதக்க விடுகிறது. 1971இல் வெளிவந்த ‘ஜர்னி இன் சச்சிதானந்தா’வில் தம்புராவும் ஸெஸில் மக்பீயின் மாறாத பாஸ் வரியும் ஆதாரமாக நிற்கின்றன. கோவை வட்டாரத்தில் பிறந்து அமெரிக்கா சென்ற சுவாமி சச்சிதானந்தரின் பெயர் தாங்கிய இசையில் தம்புரா ஒலிப்பதை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. ஆதார சுருதி அசையாதிருந்தால் பெடல்களும் அசைய வேண்டியதில்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். ஹார்ப் கலைஞர் டோரதி ஆஷ்பி 1957இலேயே ‘தி ஜாஸ் ஹார்ப்பிஸ்ட்’ தட்டில் ஃபிராங்க் வெஸ்ஸின் புல்லாங்குழலோடு கார்டுகள் மளமளவென மாறும் பாடல்களைத் தடையின்றி வாசித்துக் காட்டிவிட்டாரே? உண்மைதான், அதைச் சாதனை என்று சொல்லத் தயக்கமே வேண்டாம். ஆனால் அவர் அதைச் செய்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தந்திகளை உடனுக்குடன் அடக்கி, கிடார் போன்ற வறண்ட, குறுகிய ஒலியை வரவழைக்கிறார். ஹார்ப்பின் இயல்பை ஒடுக்கித்தான் பீபாப்புக்குள் இடம் பிடிக்கிறார். பத்தாண்டு கழித்து, 1968இன் ‘ஆஃப்ரோ ஹார்ப்பிங்’கில், திரும்பத் திரும்ப வரும் தாளக்கட்டின் மேல் தந்திகளை விரிய விடுகிறார். பிற்காலத்தவர் அதிகம் தேடிப் போனது இந்த ஆஷ்பியைத்தான்.

நாதத்தைப் பரப்புவது பின்னணி வேலை, தலைமை ஆகாது என்பது அடுத்த ஆட்சேபம். சச்சிதானந்தா பதிவில் ராகம் போல நீளும் வரி ஃபேரோ சாண்டர்ஸின் சாக்ஸபோனுக்குரியது என்பது சரியே. எனினும் முன்வரிசை என்றால் ஒற்றை வரி மெட்டு என்ற வரையறை ஊதுகருவிகளிடமிருந்து வந்தது. எந்தச் சுரக்கூட்டம், எவ்வளவு நேரம், எந்த அடர்த்தி என்பதை ஒரு கருவி தீர்மானித்து, மற்றவை அதற்குள் தங்கள் இடத்தைத் தேடும்போது அதைப் பக்கவாத்தியம் என்று எப்படி அழைப்பது? யங்கர் ஆஷ்பியின் பாடல்களை ‘பிராண்ட் நியூ லைஃப்’ தட்டில் எடுத்தாண்டார். 2025இன் ‘கேடபௌட் சீசன்’ தட்டைப் ஆலிஸ் கோல்ட்ரேனின் பழுதுபார்க்கப்பட்ட ஹார்ப்பிலேயே பதிவு செய்தார். இரண்டு முன்னோடிகளிடமிருந்தும் ஒருசேர அவர் எடுத்துக்கொள்வது இந்த அதிகாரத்தைத்தான்.

சமூகக் காரணங்கள் இயந்திரக் காரணங்களைவிடப் பெரியவை என்போரும் உண்டு. விலையும் எடையும் மிகுந்த கருவி; வசதியான வீட்டுப் பெண்களுக்கும் சிம்பொனி இசைக்குழுவுக்கும் உரியது என்ற எண்ணம் வேறு. டெட்ராய்ட்டின் காஸ் டெக்னிகல் என்ற அரசுப் பள்ளியில் ஹார்ப் வகுப்பு இருந்திராவிட்டால் ஆஷ்பி அதைத் தொட்டிருப்பாரா என்பது ஐயமே. யாருக்குக் கருவி கிடைத்தது என்பதை இது விளக்குகிறது. கிடைத்தவர்கள் ஏன் ஒரு காலத்தில் ஓரத்திலும் இன்னொரு காலத்தில் நடுவிலும் நின்றார்கள் என்பதை விளக்கவில்லை.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை காஸ்டனேடாதான். அவர் வாசிக்கும் கொலம்பிய லானோஸ் சமவெளியின் ஹார்ப்பில் பெடலே கிடையாது. அவர் இசை மோடலும் அல்ல, அமைதியும் அல்ல. ஆனால் அங்கே ஹோரோபோ இசையில் ஹார்ப்தான் காலங்காலமாக முதன்மை. குவாத்ரோ என்ற சிறு கிடாரும் மராக்கா என்ற கிலுகிலுப்பையும் அதைத் தாங்குகின்றன. 3/4, 6/8 என்ற இரு நடைகள் ஒன்றோடொன்று உரசும் தாளமே அதன் நிலம். ஆகவே ஒரே சுரக்கூட்டத்தில் தங்குவதை மட்டும் நிபந்தனையாகச் சொன்னால் என் வாதம் குறுகிவிடும். கருவியின் இயல்புக்கு இடந்தரும் ஆதாரம் தாளமாகவும் இருக்கலாம் என்று அதை விரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. டிராம்போனும் டிரம்ஸும் மட்டுமே உடன் வரும் அவருடைய மூவர் குழுவில் தனியாக பாஸ் வாசிப்பவர் இல்லை. இடது கை தடித்த தந்திகளில் பாஸை நடத்த, வலது கை அதன் மேல் பேசுகிறது.