எம்பி3 எறிந்த சத்தங்கள்

பாட்டுக் கோப்புகளின் பெயருக்குப் பின்னால 128, 320 என்று ஓர் எண் தொங்கும். எண் பெரிசெண்டால் சத்தம் நல்லதெண்டு பேச்சு. முழுக்கப் பொய்யில்லை. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ரெலிபோன் வயரின் கதை இருக்கிறது.

1980களின் தொடக்கத்தில் ஜேர்மனியின் எர்லாங்கன் நகரில் பேராசிரியர் டீட்டர் சைட்சர், வரவிருந்த டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் இசையை அனுப்பலாமா என்று யோசித்தார். இறுவட்டில் ஒரு செக்கன் இசைக்கு ஏறக்குறைய 14 இலட்சம் பிட் வேண்டும். அந்த இணைப்பின் இரண்டு தடங்களையும் சேர்த்தாலும் 128,000 பிட் தான். பதினொன்றில் ஒரு பங்கு! காப்புரிமை கேட்டபோது, இது நடக்காத காரியம் எண்டு சொல்லிப்போட்டினம். சைட்சர் அதைத் தன் மாணவர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க்கிடம் கொடுத்தார்.

வழி எங்கள் காதிலேயே இருந்தது. ஒரு பெரிய சத்தம் ஒலிக்கும்போது, அதற்குக் கிட்டிய சுருதியில் உள்ள மெல்லிய சத்தம் எங்களுக்குக் கேட்காது. கேட்காததை ஏன் சேமிப்பான்? எம்பி3 பாட்டைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, காது தவறவிடும் பகுதியை எறிந்துவிடுகிறது. ஸிப் கோப்பைப் போல மடித்து வைத்துப் பிறகு விரிக்கிற வேலை இல்லை இது. எறிந்தது எறிந்ததுதான்.

சூசன் வேகாவின் 'ரொம்ஸ் டைனர்' வாத்தியமே இல்லாத தனிக்குரல் பாட்டு. பிராண்டன்பேர்க் அதைச் சுருக்கிப் பார்த்தார், குரல் நாசமாகிப் போயிருந்தது. பழுதை மறைக்கப் பக்கத்தில் வேறு சத்தம் இல்லையே! குரல் சரிவரும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். டக்கெண்டு விழும் அடிகளும் தலையிடிதான். துண்டுக்குள் பரவும் இரைச்சல் அடிக்கு முன்னமே எட்டிப் பார்க்கும். குறைந்த பிட்டில் தவில் கேட்டுப் பாருங்கோ, அடியின் முனை மழுங்கிக் கிடப்பது விளங்கும்.

1995 யூலை 14 இல் கோப்புக்கு 'எம்பி3' என்ற வால் முடிவானது. 1999 இல் நப்ஸ்ரர் வந்தது, மிச்சம் தெரிந்த கதை.

பின்னர் ரயன் மக்வயர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர், அதே வேகா பாட்டில் எம்பி3 எறிந்த சத்தங்களை மட்டும் பொறுக்கி ஒரு படைப்புச் செய்தார். ஆவி மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். கேட்காதெண்டு தள்ளினதுக்குள்ள இவ்வளவு கிடந்திருக்கு.

ஆகவே 128 கோப்பை 320 ஆக மாற்றினால் கோப்புத்தான் கொழுக்கும், போன சத்தம் திரும்பாது. சினிமாப் பாட்டெண்டால் பரவாயில்லை, மூலம் எங்கேயோ இருக்கும். அலுமாரிக்குள் கிடக்கும் கசற்றில் இருக்கிற அம்மம்மாவின் குரலுக்கோ, எப்போதோ நடந்த திருவிழாவின் மேளத்துக்கோ வேறு பிரதி கிடையாது. கசற்றைக் கணினிக்கு மாற்றக் கொடுக்கேக்க, எம்பி3 மட்டும் போதாது, 'வேவ்' அல்லது 'ஃபிளாக்' வடிவிலும் தாங்கோ எண்டு கேளுங்கோ. இறுவட்டுத் தரத்தில் ஒரு மணித்தியாலம் வேவ் சுமார் 635 மெகாபைற் பிடிக்கும். ஃபிளாக் ஒன்றையும் எறியாமலே அதைவிடச் சுருக்கும். 32 ஜிகாபைற் மெமரி கார்ட் ஒன்றில் வேவ் என்றாலே கிட்டத்தட்ட 50 மணித்தியாலம் கொள்ளும்.