இந்திய வான்சேவைகளின் கட்டணமும் செலவும்

இந்தியாவில் பயணிகள் விமானங்களை இயக்கும் நிறுவனங்கள், பயணச்சீட்டு விலையையும் பிற கட்டணங்களையும் கொண்டு தம் செலவை ஈடுசெய்வதில் தொடர்ந்து இடர்ப்பட்டு வந்துள்ளன. 1990களின் தொடக்கத்தில் தனியார் நிறுவனங்கள் மீண்டும் அனுமதிக்கப்பட்ட பின்னர் தொடங்கப்பட்ட வான்சேவைகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன அல்லது வேறொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டன. இதே காலத்தில் உள்நாட்டுப் பயணிகளின் எண்ணிக்கையோ பன்மடங்கு பெருகியது. வாங்குவோர் பெருகியும் விற்போர் நட்டமடைந்த இம்முரணுக்குக் காரணம் இத்தொழிலின் செலவு அமைப்பிலேயே உள்ளது.

செலவின் தன்மை

ஒரு விமானம் புறப்படுவதற்கு முன்னரே அதன் செலவில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. குத்தகைத் தொகை, விமானியர் ஊதியம், பராமரிப்பு, தரையிறங்கு கட்டணம் ஆகியன பயணிகள் எத்தனை பேர் ஏறினாலும் மாறுவதில்லை. எரிபொருளும் ஏறத்தாழ அவ்வாறே. கூடுதலாக ஒரு பயணியை ஏற்றுவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. மேலும், விமானம் புறப்பட்டவுடன் காலியான இருக்கையின் மதிப்பு சுழியமாகிவிடும்; விற்காத துணியை மறுநாள் விற்பதுபோல் அதனை விற்க முடியாது. எனவே கடைசி நேரத்தில் எந்த விலைக்கேனும் இருக்கையை விற்றுவிடுவது அந்த ஒரு பயணத்தைப் பொறுத்தவரை சரியான முடிவாகும். எல்லா நிறுவனங்களும் எல்லா நாளும் அவ்வாறே செய்யும்போது மொத்தச் செலவை ஈடுசெய்யும் விலை கிடைக்காமற் போகிறது.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 180 இருக்கைகள் கொண்ட விமானம் ஒருமுறை பறக்க ஆகும் செலவு 7,20,000 ரூபாய் என்க. வரிகள் நீங்கலாகச் சராசரிக் கட்டணம் 4,800 ரூபாயாயின், 150 இருக்கைகள் நிரம்பினால் செலவு ஈடாகும். போட்டியால் கட்டணம் 4,200 ஆகக் குறைந்தால் 172 இருக்கைகள் நிரம்ப வேண்டும். 4,000 ரூபாயில் ஓர் இருக்கைகூடக் காலியாக இருத்தல் ஆகாது. அதற்கும் கீழே, விமானம் நிரம்பி வழிந்தாலும் நட்டமே. செலவு ஈடாகும் இந்த நிலை சமநிலை நிரம்பல் விகிதம் எனப்படுகிறது.

இதனாலேயே ஒரே விமானத்தில் அடுத்தடுத்து அமர்ந்திருப்போர் வெவ்வேறு விலை கொடுத்திருப்பர். முன்கூட்டியே பதிவு செய்யும் சுற்றுலாப் பயணியிடம் குறைவாகவும், மறுநாளே செல்ல வேண்டிய வணிகரிடம் மிகுதியாகவும் பெறப்படுகிறது. ஆனால் அவசர நோயாளியும் இறப்பிற்குச் செல்வோரும்கூட இந்த இரண்டாம் வகையிலேயே சேர்ந்துவிடுகின்றனர் என்பது இம்முறையின் மீதுள்ள நியாயமான குறையாகும்.

எரிபொருள், வரி, ரூபாய்

உலக எண்ணெய் விலை உயர்வு எல்லா நாட்டு வான்சேவைகளையும் பாதிப்பதே. இந்தியாவில் அதன்மேல் வரிச்சுமையும் சேர்கிறது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது விமான எரிபொருள் அதில் சேர்க்கப்படவில்லை. ஆகவே மாநிலங்கள் மதிப்புக்கூட்டு வரியைத் தனித்தனியே விதிக்கின்றன. சில மாநிலங்கள் இதனை 5 விழுக்காட்டுக்கும் கீழே குறைத்துள்ளன. வேறு சிலவற்றில் 25 விழுக்காட்டையும் தாண்டி இருந்துள்ளது. இதனால் வரி குறைந்த ஊரில் கூடுதல் எரிபொருளை நிரப்பிச் செல்லும் வழக்கமும் உண்டு.

மற்றொரு இடர் நாணயம் சார்ந்தது. விமானக் குத்தகை, உதிரி பாகங்கள், வெளிநாட்டுப் பராமரிப்பு ஆகியவற்றுக்கு அமெரிக்க டாலரில் பணம் செலுத்த வேண்டும். உள்நாட்டுப் பயணியோ ரூபாயில் செலுத்துகிறார். ரூபாயின் மதிப்பு சரியும்போது, விமானம் எதையும் மாற்றாமல் பறந்தாலும் செலவு ஏறிவிடுகிறது.

வரலாறு

1953இல் வான்சேவைகள் நாட்டுடைமையாக்கப்பட்டு, உள்நாட்டுச் சேவை இந்தியன் ஏர்லைன்சிடமும் வெளிநாட்டுச் சேவை ஏர் இந்தியாவிடமும் இருந்தன. தொடர்புடைய சட்டம் 1994இல் நீக்கப்பட்டது. அதற்குச் சற்று முன்னரே வந்த ஈஸ்ட்-வெஸ்ட், மோடிலுஃப்ட், டமானியா, சென்னையைச் சேர்ந்த என்.ஈ.பி.சி. ஆகியன 1997க்குள் பறப்பதை நிறுத்தின. 1993இல் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் மட்டும் அந்த அலையைக் கடந்து பெரிதாக வளர்ந்தது.

கேப்டன் கோ. ரா. கோபிநாத் 2003இல் தொடங்கிய ஏர் டெக்கான், இந்தியாவின் முதல் குறைகட்டண வான்சேவையாகும். இலவச உணவு இல்லை; சிறு நகரங்களுக்குச் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள் பறந்தன, விளம்பரத்துக்காகச் சில இருக்கைகள் 1 ரூபாய்க்கு விற்கப்பட்டன. தொடர்வண்டியில் சென்றுகொண்டிருந்த பலர் முதன்முறையாக விமானம் ஏறினர். 2020இல் வெளியான சூரரைப் போற்று திரைப்படம் கோபிநாத்தின் வாழ்க்கையைத் தழுவியது. வெற்றியோடு முடியும் அத்திரைப்படத்தின் கதைக்கு அப்பால் நடந்தது வேறு. நட்டம் பெருகிய ஏர் டெக்கானின் பங்குகளை 2007இல் கிங்ஃபிஷர் குழுமம் வாங்கியது. 2008இல் இரு நிறுவனங்களும் இணைந்தன. அக்காலத்தில் 5 ஆண்டு உள்நாட்டு அனுபவமும் 20 விமானங்களும் இருந்தால் மட்டுமே வெளிநாட்டுக்குப் பறக்க முடியும் என்ற விதி இருந்தது. 2005இல் தொடங்கிய கிங்ஃபிஷருக்கு டெக்கானின் வயது தேவைப்பட்டது.

இணைப்பு நிகழ்ந்த அதே ஆண்டு சூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 147 டாலரைத் தொட்டது. உயர்தரச் சேவையையும் குறைகட்டணச் சேவையையும் ஒருங்கே நடத்த முயன்ற கிங்ஃபிஷர், ஓர் ஆண்டுகூட இலாபம் காணாமல் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2007இல் ஏர் சகாராவை 1,450 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அச்சுமையும் குறைகட்டணப் போட்டியும் சேர்ந்து அழுத்த, 2019 ஏப்ரல் 17 அன்று அதன் கடைசி விமானம் பறந்தது. அந்நிறுவனத்தைக் கலைத்துச் சொத்துகளை விற்குமாறு உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஆணையிட்டது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில், பிராட் அண்ட் விட்னி இயந்திரங்கள் கிடைக்காமல் விமானங்களில் ஏறத்தாழப் பாதி முடங்கிவிட்டதாகக் கூறித் தானே நொடிப்பு மனு அளித்தது. பல ஆண்டுகள் அரசு நிதியால் தாங்கப்பட்ட ஏர் இந்தியா, 2022 சனவரியில் டாட்டா குழுமத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இவற்றுக்கு விலக்காக நிற்பது 2006இல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ. முதலில் ஒரே வகை விமானம். தரையில் குறைந்த நேரம். மொத்தமாகத் தள்ளுபடியில் வாங்கிய விமானங்களை உடனே விற்றுக் குத்தகைக்குத் திரும்பப் பெறும் முறை ஆகியவற்றால் அதன் செலவு குறைந்தது. அந்நிறுவனமும் பெருந்தொற்றுக் காலத்தில் தப்பவில்லை: 2021-22 நிதியாண்டில் 6,100 கோடி ரூபாய்க்கும் மேல் நட்டம்; கோ ஃபர்ஸ்ட் நின்றபின் வந்த 2023-24இல் 8,100 கோடிக்கும் மேல் இலாபம். போட்டியாளர் குறைந்ததற்கும் இவ்விலாபத்திற்கும் தொடர்பில்லை எனக் கூறுவது கடினம்.

துணைக் கட்டணங்கள்

பயணச்சீட்டின் விலையை உயர்த்த முடியாத நிறுவனங்கள் அதிலிருந்து சேவைகளைப் பிரித்தெடுத்துத் தனியே விற்கத் தொடங்கின. அமெரிக்காவில் 2008இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியது இதில் ஒரு திருப்பமாகும். இந்தியாவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) 2013இல் இருக்கைத் தேர்வு, உணவு போன்றவற்றுக்குத் தனிக் கட்டணம் பெற ஒப்புதல் அளித்தது. 2021 பிப்ரவரியில், சரக்கறையில் வைக்கும் பெட்டி இல்லாத பயணிக்குக் குறைந்த விலையில் சீட்டு விற்கவும் இசைந்தது. இண்டிகோ 2023 அக்டோபரில் எரிபொருளுக்கெனத் தனிக் கட்டணம் விதித்து, எரிபொருள் விலை இறங்கியதும் 2024 சனவரியில் நீக்கியது.

பயணி செலுத்தும் தொகை முழுவதும் நிறுவனத்தைச் சேர்வதில்லை என்பதும் கருதத்தக்கது. பயனர் வளர்ச்சிக் கட்டணம் வானூர்தி நிலையத்துக்கும், பாதுகாப்புக் கட்டணமும் வரியும் பிறருக்கும் செல்கின்றன.

அரசின் தலையீடு

பெருந்தொற்றை அடுத்து 2020 மே மாதத்தில் சேவை மீண்டும் தொடங்கியபோது அரசு கட்டணங்களுக்கு மேல் வரம்பும் கீழ் வரம்பும் விதித்தது. மேல் வரம்பு பயணிக்காக. கீழ் வரம்பு, பணவலிமை மிக்க நிறுவனம் மற்றவற்றை விலையால் வீழ்த்தாதிருப்பதற்காக. இவ்வரம்புகள் 2022 ஆகத்து 31 வரை நீடித்தன.

2017இல் தொடங்கிய உடான் திட்டம், சிறு நகரப் பயணத்தில் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு மணிக்கு ஏறத்தாழ 2,500 ரூபாய் என விலை குறித்து, பற்றாக்குறையை உதவித்தொகையால் ஈடுசெய்தது. உதவிக்காலம் முடிந்ததும் பல வழித்தடங்கள் நின்றன. சேலத்துக்கு 2018 மார்ச்சில் இத்திட்டத்தின்கீழ் ட்ரூஜெட் தொடங்கிய சென்னைச் சேவையும் பின்னர் நின்றது. அந்நகருக்கு 2023 அக்டோபரில்தான் மீண்டும் விமானம் வந்தது.

மூடப்படும் நிறுவனமும் பயணியும்

வான்சேவை நிறுவனம் நொடிக்கும்போது, முன்பணம் செலுத்திய பயணி பிணையற்ற கடனீந்தோருள் ஒருவராகிறார். வங்கிகள் முன்வரிசையில் நிற்க, அவருக்குப் பணம் திரும்புவது அரிது. கிங்ஃபிஷர், ஜெட் ஊழியர்கள் பல மாத ஊதியத்துக்காக ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. கோ ஃபர்ஸ்ட் நொடிப்பின்போது விமான உரிமையாளர்கள் தம் விமானங்களை மீட்க முடியாமல் ஏறத்தாழ ஓராண்டு வழக்காடினர். 2024 ஏப்ரலில் தில்லி உயர் நீதிமன்றம் அவற்றின் பதிவை நீக்குமாறு ஆணையிட்டது. இத்தகைய தாமதம் நீடித்தால் இந்திய நிறுவனங்களுக்குக் குத்தகைத் தொகை உயரும் என்ற அச்சத்தால், விமான உரிமையாளர்களின் நலன் காக்கும் தனிச் சட்டம் 2025இல் இயற்றப்பட்டது. பயணிகளின் முன்பணத்துக்கு அச்சட்டத்தில் காப்பு இல்லை.