ஏக்கருக்கு ஓட்டா, ஆளுக்கு ஓட்டா?

கலிஃபோர்னியாவில் துலாரே ஏரிப் படுகை நீர்ச் சேமிப்பு மண்டலத்தில் நிலத்தின் வரி மதிப்பில் 100 டாலருக்கு ஓர் ஓட்டு. அதே மாநிலத்தின் தென்கோடியில், கொலராடோ ஆற்றை நம்பியிருக்கும் இம்பீரியல் பாசன மண்டலத்தில், காணி நிலம் இல்லாத கூலித் தொழிலாளியும் வாக்காளராகப் பதிந்திருந்தால் இயக்குநரைத் தேர்ந்தெடுக்கலாம்.

இம்பீரியலின் முறை 1887ஆம் ஆண்டின் ரைட் சட்டத்திலிருந்து வருகிறது. பெரும் பண்ணைக்காரர்களின் பிடியிலிருந்து ஆற்று நீரை விடுவிப்பதற்காகவே உள்ளூர் வாக்காளர் எல்லோருக்கும் அந்தச் சட்டம் ஓட்டுக் கொடுத்தது.

துலாரே முறை 1973இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்போது அந்த மண்டலத்தின் பரப்பு 1,93,000 ஏக்கர். குடியிருந்தவர்கள் 77 பேர். நிலத்தில் 85 சதவீதத்தை நான்கு நிறுவனங்கள் உழுதன. அவற்றில் பாஸ்வெல் நிறுவனத்துக்கு மட்டும் 37,825 ஓட்டு. இயக்குநர் குழுவில் பெரும்பான்மையைத் தனியாகவே பிடித்துவிடலாம். 80 ஏக்கர் வரை வைத்திருந்த 189 பேருக்கும் சேர்த்தே 2.34 சதவீத நிலம்தான். குத்தகைக்காரருக்கு ஓட்டே கிடையாது. செலவு முழுவதும் நிலத்தின் மீதுதான் விழுகிறது, ஆகவே முடிவும் நிலக்காரருடையது என்று நீதிபதி ரென்க்விஸ்ட் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு அந்த முறையை ஏற்றது.

வரிக் கணக்கு வரை அந்த நியாயம் சரிதான். ஆனால் வெள்ளம் வரிச் சீட்டைப் பார்த்து வருவதில்லையே! 1969இல் பெருக்கெடுத்த நீரை புவேனா விஸ்தா ஏரிப் படுகைக்குத் திருப்பும் தீர்மானத்தைக் குழு 6-க்கு 4 என்ற கணக்கில் ஒத்திப்போட்டது. அந்தப் படுகையில் பாஸ்வெல்லுக்கு நீண்டகாலக் குத்தகை இருந்ததே காரணம் என்கிறது நீதிபதி டக்ளஸின் மாறுபட்ட தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர்களில் ஒருவர் விளைநிலம் இல்லாதவர். அவர் குடியிருந்த வீடு அந்த வெள்ளத்தின் உச்ச மட்டத்துக்குப் பதினைந்தரை அடி கீழே இருந்தது.

இம்பீரியலிலும் சண்டைக்குக் குறைவில்லை. நகரத்து ஓட்டு தங்கள் நீரை விற்றுவிடும் என்ற அச்சம் அங்கே நிலக்காரர்களுக்கு உண்டு. சான் டியேகோவுக்கு நீர் விற்கும் திட்டத்தை ஐவர் குழு 2002 டிசம்பரில் 3-க்கு 2 என நிராகரித்தது. 2003 அக்டோபரில் அதே 3-க்கு 2 என ஏற்றது. விற்கும் நீருக்காக வயல்கள் தரிசு போடப்பட்டன. நிலக்காரருக்கு அதற்குப் பணம் கிடைத்தது. கூலிக்காரருக்கு வேலை போனது. ஆனால் ஏன் அப்படிக் கைதூக்கினாய் என்று இயக்குநரை அடுத்த தேர்தலில் கேட்க அவர் கையில் ஓர் ஓட்டு இருந்தது. துலாரேயில் வெள்ள மட்டத்துக்குக் கீழே குடியிருந்தவருக்கு அதுவும் இல்லை.